நெகட்டிவ் ஸ்கேன் பண்ண எந்த ஸ்கேனர்? பெட்டி நிறைய இருக்கு, வழி சொல்லுங்க

#1 நிழலன்

வணக்கம். அப்பா எடுத்த நெகட்டிவெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கு. அவர் போய் மூணு வருஷம் ஆச்சு, இப்பத்தான் திறக்க மனசு வந்தது. ஒவ்வொரு ரோலையும் ஆறு ஆறு ஃபிரேமா வெட்டி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு, மேலே பென்சிலால் மாசம் வருஷம் எழுதி வச்சிருக்கார். அவ்வளவு ஒழுங்கு. பிரிண்ட் போட்டது இதில் பாதிகூட இருக்காது.

எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்தணும். தேடிப் பார்த்தா ஒரு ஸ்கேனரில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு அத்தனை புள்ளியாம்), இன்னொண்ணில் 7200 டிபிஐ, கைக்கு அடக்கமா ஒரு சின்னப் பெட்டியில் 22 மெகாபிக்சல்னு போட்டிருக்கு. எண் எதில் பெரிசோ அதை வாங்கிடலாமா? ஒரே தடவைதான் வாங்க முடியும். வீட்டில் 24 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு இருக்கு, அதோட வந்த ஜூம் லென்ஸ் மட்டும்.

#2 இருட்டறை

முதலில் பெட்டியில் இருப்பதை எண்ணுங்கள். மொத்தம் எத்தனை ஸ்ட்ரிப், அதில் கலர் எத்தனை, கறுப்பு வெள்ளை எத்தனை, 35 மி.மீ. தவிர அகலமான ஃபிலிம் உண்டா, ஸ்லைடு உண்டா. இதைச் சொல்லாமல் ஸ்கேனர் பேர் கேட்பது, கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்கிற மாதிரி.

#3 கதிர்

அந்த 22 மெகாபிக்சல் பெட்டி பக்கம் மட்டும் போயிடாதீங்க பாஸ். பேர் சொல்ல விரும்பல, நான் ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். உள்ளே ஸ்கேனரே கிடையாது. ஒரு குட்டி கேமரா, அசையாத லென்ஸ், பின்னாடி ஒரு வெள்ளை விளக்கு, அவ்வளவுதான். நாலு பக்கமும் ஓரத்தை வெட்டிடும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ன சித்தப்பா பாதி உடம்போட வந்தார். ஜேபெக் மட்டும்தான் கொடுக்கும், அதிலும் வானமெல்லாம் வெளுத்துப்போய். மெகாபிக்சலைச் சென்சாருக்கு மேலே ஊதிப் பெருக்கி எழுதுறதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குழந்தைங்களுக்குக் காட்ட சரி, பாதுகாத்து வைக்க லாயக்கில்ல.

#4 நிழலன்

எண்ணிட்டேன். 35 மி.மீ. மொத்தம் 212 ஸ்ட்ரிப், ஆறால் பெருக்கினா 1272 ஃபிரேம். 140 ஸ்ட்ரிப் ஆரஞ்சு நிறத்தில் இருக்கு, 72 சாம்பல் நிறம். இது தவிர அகலமான ஃபிலிம் 19 துண்டு, ஒவ்வொண்ணிலும் மூணு சதுரப் படம். ஸ்லைடு இல்லை.

அந்த ஆரஞ்சு நிறம் பழசாகி வந்த கறையா? ரெண்டாவது, அகலமான துண்டுகளில் சிலது சுருண்டு கிடக்கு, உறையைத் திறந்தா புளிச்ச வாடை அடிக்குது. அதை எப்படித் துடைக்கிறது?

#5 இருட்டறை

புளித்த வாடையா? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் கவனியுங்கள். அது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் வாடை. அசிடேட் ஃபிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கியிருக்கிறது. வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். துடைத்துச் சரிசெய்யக்கூடியது இல்லை. அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து, காற்று புகும் காகித உறையில், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். டப்பாவில் போட்டு இறுக்கி மூடாதீர்கள், அமிலம் உள்ளேயே சுற்றும். ஸ்கேன் வரிசையில் அவைதான் முதல்.

ஆரஞ்சு நிறம் கறை இல்லை. கலர் நெகட்டிவில் உள்ள சாயங்கள் சுத்தமானவை அல்ல. மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்காமல் நீலத்தையும் கொஞ்சம் தடுக்கும், சயானுக்கும் அப்படியொரு குறை உண்டு. அதை ஈடுகட்டத் தயாரிப்பிலேயே வைத்த முகமூடி அது. பிரிண்ட் போடுகிறவர் ஃபில்டர் வைத்து அதைக் கழித்துவிடுவார், ஸ்கேனில் மென்பொருள் கழிக்கும். நெகட்டிவ் ஸ்கேனில் நிறம் சரியாக வராமல் ஆளாளுக்குத் தலையில் கை வைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த முகமூடிதான்.

72 ஸ்ட்ரிப் சாம்பல் நிறம் என்றீர்களே, அவை கறுப்பு வெள்ளை; அது ஸ்கேனர் தேர்வையே மாற்றும். தூசி, கீறல் நீக்கும் வசதி என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள், டிஜிட்டல் ஐஸ் மாதிரி. ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு முறை பார்க்கிறது. கலர் நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும், தூசியும் கீறலும் மட்டும் நிழலாகத் தெரியும். அந்த இடங்களைச் சுற்றியிருப்பதை வைத்து நிரப்பும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆக, படம் முழுக்கத் தூசி என்று நினைத்துக்கொள்ளும். மறந்துபோய் அந்த வசதியோடு ஒரு முறை ஸ்கேன் செய்தேன், தாத்தாவின் புருவத்தைத் துடைத்து எடுத்துவிட்டது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போல, கலர் நெகட்டிவுக்கான சி-41 கரைசலில் கழுவும் கறுப்பு வெள்ளை மட்டும் விதிவிலக்கு, அதில் இருப்பது சாயம்.

#6 துளி

டிபிஐ பற்றி யாரும் பேசவில்லையே. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

35 மி.மீ. ஃபிரேம் 36 × 24 மி.மீ. நீளம் 1.42 அங்குலம். 7200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 10,200 × 6,800 புள்ளி, அதாவது 69 மெகாபிக்சல். 16 பிட் கலரில் ஒரு ஃபிரேமுக்கே 400 எம்பிக்கு மேல். அவ்வளவு விவரம் அதில் இருக்கிறதா என்றால் இல்லை. பெட்டியில் எழுதியிருப்பது மோட்டார் எத்தனை சின்ன அடியாக நகரும், சென்சாரில் எத்தனை புள்ளி உண்டு என்பதைத்தான். லென்ஸ் அவ்வளவைப் பிரித்துக் காட்டுமா என்பது வேறு கேள்வி. எவ்வளவு நுண்ணிய கோடு பிரிந்து தெரிகிறது என்று பார்க்கும் யுஎஸ்ஏஎஃப் 1951 கோட்டு அட்டையை வைத்து அளந்தவர்கள் கணக்கில், பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ (8200i) ஸ்கேனருக்கு 7200 என்று சொன்னாலும் உண்மையில் 3200 சுற்றித்தான் வரும். எப்சன் வி850 6400 என்பது 2300 சுற்றி. எப்சன் வி600-க்கும் 6400 என்றுதான் எழுதியிருக்கும், கிடைப்பது 1500, 1600.

இதையே 35 மி.மீ. ஃபிரேமுக்கு மெகாபிக்சலாக மாற்றினால் பிளஸ்டெக் 13, 14. வி850 ஏழு. வி600 மூன்றரைகூடத் தேறாது. ஆனால் உங்கள் சதுரப் படம் 56 மி.மீ. அகலம். அதே வி600 அதில் 12 மெகாபிக்சல் தரும். அதாவது மட்டமான ஸ்கேனர் என்று எதுவும் இல்லை, சின்ன ஃபிலிமுக்கு அது போதாது, பெரிய ஃபிலிமுக்குப் போதும்.

கையில் ஸ்கேனர் இருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். ஒரே ஃபிரேமை 1600-இலும் 6400-இலும் ஸ்கேன் செய்யுங்கள். சின்னதைப் பெரிதின் அளவுக்கு இழுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சட்டைப் பொத்தானோ இமை முடியோ பெரியதில் கூடுதலாகத் தெரியாவிட்டால், மீதி எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போட்ட தீனி.

#7 பழைய லென்ஸ்

தம்பி நிழலன், ஸ்கேனரே வேண்டாம்! 24 மெகாபிக்சல் கேமராவைக் கையில் வச்சுக்கிட்டு எதுக்கு அலையறீங்க? 6000 புள்ளி 36 மில்லிமீட்டர்ல விழுந்தா 4200 டிபிஐக்கு மேலே. நிக்கான் கூல்ஸ்கேன் 5000னு ஒரு ஃபிலிம் ஸ்கேனர் இருந்துச்சே, அதுவே 4000தான். ஒரு மேக்ரோ லென்ஸ் (ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிறது), 1:1 போறதா, அதாவது பொருளோட அளவிலேயே சென்சார்ல விழுறதா, பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸே போதும். ஒரு எல்ஈடி பேனல், சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டும்ங்கிற எண், 95-க்கு மேலே இருக்கணும். ஃபிலிமைத் தட்டையா பிடிக்க ஒரு ஹோல்டர். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல். ஒரு ஃபிரேமுக்குப் பத்து செகண்ட். உங்க 1272 ஃபிரேம் மூணரை மணி நேரத்தில முடிஞ்சிடும்!

#8 கதிர்

அண்ணே, மூணரை மணி நேரம் ஷட்டர் அடிக்க. அதுக்கப்புறம்? 840 கலர் ஃபிரேமிலும் முகமூடியைக் கழிச்சு நிறம் கொண்டுவர யார் உட்கார்றது? தூசியை ஒண்ணொண்ணா யார் எடுக்கிறது? கேமராவில் அகச்சிவப்பு கிடையாதே.

#9 பழைய லென்ஸ்

ப்ளோயர் வச்சு ஊதிட்டு எடுத்தா பாதித் தூசி போயிடும். நிறத்துக்கு நெகட்டிவ் லேப் ப்ரோன்னு லைட்ரூம் மென்பொருளுக்கு ஒரு பிளகின் இருக்கு. இலவசமா வேணும்னா டார்க்டேபிள் மென்பொருள்ல நெகாடாக்டர்னு ஒரு வசதி. ஒரு ரோலுக்கு ஒரு ஃபிரேம்ல செட் பண்ணிட்டா மீதிக்கு அதையே ஒட்டிடலாம்.

#10 கதிர்

பாதித் தூசி போகும்னு நீங்களே சொல்றீங்க. மீதிப் பாதி?

#11 பழைய லென்ஸ்

அது அனுபவம்.

#12 இருட்டறை

இரண்டு பேரும் சரிதான், ஆளுக்கு ஒரு பெட்டியை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். கறுப்பு வெள்ளைக்கு அகச்சிவப்பு எப்படியும் உதவாது, அங்கே கேமரா ஜெயிக்கும். உறையில் தேய்ந்த கலர் நெகட்டிவுக்கு அகச்சிவப்பு உள்ள ஸ்கேனர் மாதக்கணக்கில் உழைப்பை மிச்சப்படுத்தும். வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனிக்கணும்: பிளஸ்டெக்கில் 8100-க்கு அகச்சிவப்பு இல்லை, 8200ஐ-க்கு உண்டு. அந்தக் கடைசி 'ஐ'தான் அது.

ஆனால் பிளஸ்டெக் 8200ஐ 35 மி.மீ. மட்டும்தான் எடுக்கும். வினிகர் வாடை அடிக்கும் உங்கள் சதுரப் படங்கள் அதில் நுழையவே நுழையாது.

#13 நிழலன்

இப்ப எனக்குத் தலை சுத்துது. கூல்ஸ்கேன் பழசு ஒண்ணு விற்பனைக்கு வந்திருக்கு, அதை வாங்கலாமா? கேமரா வழியில போனா லென்ஸும் ஃபிலிமும் நேருக்கு நேர் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

#14 துளி

கூல்ஸ்கேன் அருமையான கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது, நிக்கானின் மென்பொருளும் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாது. வியூஸ்கேன் என்ற வேறு மென்பொருளை வைத்து ஓட்டலாம். பெரிய ஃபிலிம் எடுக்கும் 9000 மாடலுக்கு ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வேண்டும், உங்கள் கம்ப்யூட்டரில் அந்தத் துளையே இருக்காது. உள்ளே கண்ணாடியில் தூசி படிந்தால் பளிச்சென்ற இடங்களைச் சுற்றி ஒளி கசிந்த மாதிரி வரும், கழற்றித் துடைக்கத் தைரியம் வேண்டும். கைவேலை தெரிந்தவருக்குச் சரி. ஒரே தடவை வாங்க வேண்டியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேன் மென்பொருளை வாங்குவதாக இருந்தால், அதன் உரிமம் ஸ்கேனர் மாடலுக்கு மாடல் தனி. ஸ்கேனரை மாற்றினால் கூடவே வராது.

#15 பழைய லென்ஸ்

நேர் பார்க்க ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி போதும் தம்பி. ஃபிலிம் இருக்கிற இடத்தில அதைத் தட்டையா வைங்க. கேமரா வழியா பாருங்க, லென்ஸே கண்ணாடியில தெரியும். லென்ஸோட கறுப்பு ஓட்டை ஸ்கிரீனுக்கு நட்ட நடுவுல வர்ற வரைக்கும் கேமராவைச் சாய்ச்சு சாய்ச்சு சரிபண்ணுங்க. நடுவுல வந்துட்டா நேர். ஸ்பிரிட் லெவல் எல்லாம் அப்புறம்தான்.

இன்னும் ரெண்டு. ஃபிலிமைப் பேனல் மேலே ஒட்டி வைக்காதீங்க, ரெண்டு மூணு செண்டிமீட்டர் உயரத்தில நிறுத்துங்க, இல்லேன்னா பேனல் தூசியும் படத்தில வரும். ஃபிரேமைச் சுத்தி வெளிச்சம் தெரியற இடத்தையெல்லாம் கறுப்பு அட்டையால மூடுங்க. அந்த வெளிச்சம் லென்ஸுக்குள்ள சிதறித்தான் நிழல் பகுதி வெளுத்துப்போகுது. போன் ஸ்கிரீனை விளக்கா வச்சு எடுக்காதீங்க, அதோட புள்ளியெல்லாம் வானத்தில சல்லடை மாதிரி தெரியும்.

#16 துளி

என் யோசனை இது. 1272 ஃபிரேமையும் உச்ச தரத்தில் எடுக்கத் தேவையே இல்லை. அப்பா எடுத்ததில் எத்தனை ஃபிரேமைப் பெரிதாக அச்சடிக்கப் போகிறீர்கள்? ஐம்பது? மீதியை எல்லாரும் திரையில்தான் பார்க்கப் போகிறீர்கள். அதற்கு மூன்று மெகாபிக்சல் தாராளம். அகச்சிவப்பு உள்ள பிளாட்பெட் (தட்டையான கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனர்) ஒன்று, எப்சன் வி600 மாதிரி. ஒரே தடவையில் 35 மி.மீ. ஸ்ட்ரிப் இரண்டு வைக்கலாம், 12 ஃபிரேம். சதுரப் படமும் அதிலேயே ஆகிவிடும். முதல் சுற்று முழுப் பெட்டியும் அதில் முடியட்டும். அப்புறம் பொறுக்கியெடுத்த ஐம்பதுக்கு மட்டும் மேக்ரோ லென்ஸ் இரவல் வாங்கி, லென்ஸ் சார் சொன்ன முறையில் எடுங்கள்.

பிரத்யேக ஃபிலிம் ஸ்கேனரில் ஒரு ஃபிரேமுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலே 1272-க்கு 64 மணி நேரம், அதுவும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் ஹோல்டரைத் தள்ளிக்கொண்டு. அப்படித் தொடங்கி முந்நூறாவது ஃபிரேமில் பரணில் ஏறிய ஸ்கேனர்கள் எனக்குத் தெரியும். அதில் ஒன்று என்னுடையது.

#17 கதிர்

துளி அக்கா சொன்னதுதான் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன், லேபில் கொடுத்துடலாம்னு மனசு மாறினா, ஸ்ட்ரிப்பை வெட்டக்கூடாதுன்னு எழுதிக் கொடுங்க. ஒரு இடத்தில என் ஆறு ஃபிரேம் ஸ்ட்ரிப்பை ஒவ்வொண்ணா நறுக்கித் திருப்பிக் கொடுத்தாங்க. தனி ஃபிரேம் எந்த ஹோல்டரிலும் நிக்காது.

#18 நிழலன்

முடிவு பண்ணிட்டேன். வி600. எந்த டிபிஐ வைக்கிறது, என்ன ஃபைலில் சேமிக்கிறது, சொல்லுங்க.

#19 இருட்டறை

35 மி.மீ.க்கு 3200 வையுங்கள். லென்ஸ் கொடுப்பது அதில் பாதிதான், ஆனாலும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துப் பின்னால் சுருக்கினால் தானியம் (கிரெய்ன், ஃபிலிமின் துகள் துகளான தோற்றம்) ஒழுங்காக வரும். கலர் என்றால் 48 பிட் டிஃப் (TIFF) ஃபைல், ஒரு ஃபிரேம் 82 எம்பி. முழுப் பெட்டியும் கலராகவே இருந்தாலும் 105 ஜிபிக்குள் அடங்கிவிடும். கறுப்பு வெள்ளை 16 பிட் சாம்பல், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்கேனர் மென்பொருளில் ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹிஸ்டோகிராமில் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இரண்டு முனையும் வெட்டுப்படாமல் இருக்கணும்.

இந்த ஸ்கேனருக்கு ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, ஹோல்டரின் உயரம்தான் ஃபோகஸ். நான்கு மூலையிலும் காகிதத் துண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி ஒரே ஃபிரேமை எடுத்துப் பாருங்கள். எதில் தானியம் கூர்மையோ அந்த உயரம் உங்களுடையது. ஒரு முறை செய்தால் போதும்.

சுருண்டதை வெறும் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி வளையம் வளையமாக வரும், நியூட்டன் வளையம். சொரசொரப்பான ஆன்ட்டி நியூட்டன் கண்ணாடி தனியாகக் கிடைக்கும். நன்றாக இருக்கும் ஃபிலிமை உறையோடு கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் வைத்தால் அதுவே நிமிர்ந்துவிடும். வினிகர் வாடை அடிப்பதை அப்படி அழுத்தாதீர்கள், உடையும்.

#20 நிழலன்

ஏழு வாரம் கழிச்சு வர்றேன். வாடை அடிச்ச துண்டுகளை முதல் நாளே முடிச்சேன். ரெண்டு துண்டில் எமல்ஷன், அதாவது படம் பதிஞ்ச பூச்சு, சுருக்கம் விழுந்து வலை மாதிரி ஆகிடுச்சு, முகங்கள் மட்டும் தப்பிச்சது. கலர் 140 ஸ்ட்ரிப்பும் முடிஞ்சது. அகச்சிவப்பு இல்லாம இதைத் தொட்டிருந்தா கைவிட்டிருப்பேன். காகிதத் துண்டு மூணு அடுக்கு எனக்குச் சரியா வந்தது.

கறுப்பு வெள்ளையில்தான் ஒரு குளறுபடி. நேத்து அம்மாவுக்குக் காட்டினேன். அப்பா மேஜையில் உட்கார்ந்து எழுதுற படம். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "உங்க அப்பா என்னைக்குடா இடது கையால எழுதினார்?"னு கேட்டாங்க. அப்பத்தான் கவனிச்சேன், சுவரில் இருக்கிற காலண்டர் எண்ணெல்லாம் கண்ணாடியில் தெரியற எழுத்து மாதிரி இடம் வலமா இருக்கு. சுருண்ட ஸ்ட்ரிப் ஹோல்டரில் உட்காரலைன்னு அஞ்சு ஸ்ட்ரிப்பைப் புரட்டி வச்சேன், அதை மறந்தே போயிட்டேன். திரும்பவும் ஸ்கேன் பண்ணணுமா?

#21 இருட்டறை

வேண்டாம். மென்பொருளில் இடம் வலம் மாற்றினால் முடிந்தது. ஃபிலிமின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான், புரட்டியதால் ஃபோகஸில் பெரிய வித்தியாசம் வராது. இனிமேல் பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான எமல்ஷன் பக்கம் மேலே. சந்தேகம் வந்தால் ஸ்ட்ரிப் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள், ஸ்கேனில் அது நேராகப் படிக்க வரணும்.

#22 பழைய லென்ஸ்

பொறுக்கியெடுத்த ஐம்பது எப்போ தம்பி? மேக்ரோ லென்ஸ் இரவல் கேட்டு வருவீங்கன்னு துடைச்சு வச்சிருக்கேன்.

#23 நிழலன்

அம்பது இப்ப எண்பத்தி மூணு ஆயிடுச்சு சார், அம்மா சேர்த்துக்கிட்டே போறாங்க. அடுத்த வாரம் வர்றேன்.

அந்த முப்பது ஃபிரேமையும் திருப்பிட்டேன். எழுதுற படத்தை மறுபடி அம்மாகிட்ட காட்டினேன். "இப்ப சரி. ஆனா அந்தப் பேனா என்னோடது"ன்னாங்க.